கயிறு பிடித்தவர்க்குப் பங்கு

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தபோது என் வீட்டுக்காரரின் அக்கா, சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களோடு பத்து நாள் தங்க வந்தார். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடிவீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் அந்தத் தெருவிலேயே ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்தார். செல்போன் எல்லார் கைக்கும் வந்து சேராத காலம்.

நான் அந்த அக்காவை மைனி என்று கூப்பிடுவேன். கூப்பிட்டது குறைவுதான். கல்யாணத்தன்று நான் தாம்பாளத்தை இடது கையால் வாங்கிவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் அவர் சொன்ன சொல், அதற்கப்புறம் அவர் இருக்கும் பக்கமே போகாதபடி என்னைச் செய்திருந்தது.

வந்த மறுநாளே என் அடுக்களை அவர் வசமானது. பருப்பு டப்பாக்களைத் திறந்து மோந்து பார்த்தார். அடுப்புமேடையின் அடியில் விரலை ஓட்டி, அந்த விரலை என்னிடம் காட்டினார். காலையில் மீன்காரி குரல் கொடுத்துக்கொண்டு தெருவில் நுழைந்தால், அவள் அடுத்த தெருவுக்குப் போகும்வரை ஜன்னல்கள் சாத்தியிருக்க வேண்டும். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டும் சைவம்தான் என்றாலும் நான் அதற்குள் அந்த ஊர் வாடைக்குப் பழகியிருந்தேன்.

விழிஞ்ஞத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்னக் கடற்கரை உண்டு. சுத்தமாகவும் சூழல் கெடாமலும் வைத்திருப்பதற்காக அதற்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள் என்று கடைக்கு வந்தவர் யாரோ சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு ஆசை. கோயில் இல்லாத கடலுக்கு எதற்காக ஆள்கள் போகிறார்கள் என்று மைனி கேட்டார். திருச்செந்தூரில் பார்க்காத கடலா என்றார். ஆனாலும் சனிக்கிழமை விடியுமுன் எழுந்து புளியோதரை கிளறிவிட்டார்.

கிளம்புகிற நேரத்தில் கடையிலிருந்து ஓர் ஆள் வந்தான். கம்பி லோடு வந்து நிற்கிறது, இறக்க வேண்டும் என்றான். என் வீட்டுக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு போய்விட்டார். இன்னொரு நாள் போகலாம் மைனி என்று நான் மெதுவாகச் சொன்னேன். எனக்கு அதில் உள்ளுக்குள் நிம்மதிதான். மைனி கூடையைத் தூக்கிக்கொண்டு படியிறங்க ஆரம்பித்திருந்தார். "கிளறுன சோத்த என்ன செய்ய? வா."

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினோம். முக்கால் மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்து நாங்கள் பேசியது மொத்தம் நாலு வார்த்தை இருக்கும்.

கடற்கரைக்கு இறங்கும் வழியில் மூங்கில் தட்டி வைத்து, பச்சை மேல்கோட்டு போட்ட இரண்டு பெண்கள் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது. மைனி புளியோதரையைக் கட்டியிருந்தது பாலிதீன் கவரில். அதை இங்கேயே விட்டுவிட வேண்டும் என்று அந்தப் பெண் மலையாளத்தில் சொன்னாள். நான் தயங்கித் தயங்கி மைனிக்குத் தமிழில் சொன்னேன். இப்போது ஒரு சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அந்தப் பெண் அதற்குள் நறுக்கி வைத்திருந்த வாழையிலையை எடுத்து, வாட்டிய இலை சேச்சி, கிழியாது என்று சொல்லிச் சோற்றை ஒரு பருக்கை சிந்தாமல் மாற்றி, நாரால் கட்டிக் கொடுத்தாள். மைனி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நடக்கும்போது, "கெட்டு நல்லாத்தான் போடுதா" என்றார்.

அப்புறம் மைனி அந்தக் கடற்கரையைச் சோதனை போட்டார். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. சிமெண்டுப் பெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். குப்பைக் கூடைகள் இரண்டிரண்டாக இருப்பது ஏன் என்று என்னைக் கேட்கவைத்து, ஒன்று மட்குவதற்கு, ஒன்று மட்காததற்கு என்று தெரிந்துகொண்டார். கால் கழுவும் குழாயைத் திறந்து மூடினார். கக்கூஸுக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. வெளியே வந்து, "ரயில்வே ஸ்டேஷன்காரன இங்க கூட்டியாந்து காட்டணும்" என்றார். அவர் எதையாவது பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மணல் பெருக்கிவிட்டது போல இருந்தது. தை மாத வெயில் உறைக்கவில்லை. நனையாத தூரத்தில் உட்கார்ந்தோம்.

கரையின் தெற்கு முனையில் கம்பவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வள்ளத்தில் போய்க் கடலுக்குள் அரைவட்டமாக வலையைப் போட்டுவிட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு வரிசையாக இழுப்பார்கள். அந்தக் கடற்கரைக்குச் சான்றிதழ் வந்தபோதும் அந்த முனையை மீன்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லையாம். இந்தப் பக்கத்து வரிசையில் ஆள் குறைவாக இருந்தது. சுற்றிப்பார்க்க வந்தவர்கள் வந்து கயிற்றைப் பிடிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், விட்டுவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு முறை அவர்கள் விடும்போதும் வரிசை ஓரடி கடலைப் பார்த்துச் சறுக்கியது.

மைனி இதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பிடிச்சா பிடிக்கணும், இல்லன்னா சும்மா நிக்கணும்" என்று முணுமுணுத்தார். பிறகு எழுந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டார்.

நான் கூடையும் கையுமாக ஓடினேன். தலையில் துண்டு கட்டிய, ஐம்பது வயதிருக்கும் ஒருவர்தான் அங்கே குரல் கொடுத்து இழுக்கவைத்துக்கொண்டிருந்தார். இவரும் போட்டோவுக்கு வந்தவர் என்று எண்ணியிருப்பார், சிரித்துக்கொண்டே இடம் விட்டார். ஆனால் மைனி குதிகாலை மணலில் புதைத்து, குரல் வரும் நேரத்துக்குச் சரியாகப் பின்னால் சாய்ந்தார். நாற்பது அடிக் கிணற்றில் தினமும் இறைத்த கை அது. வரிசை சறுக்குவது நின்றது. மைனி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"என்னட்டி பாத்துக்கிட்டு நிக்க? கூடைய வச்சிட்டு வந்து பிடி."

பிடித்தேன். ஈரக் கயிறு, சொரசொரவென்று இருந்தது. பின்னால் போய்க்கொண்டே இருப்போம். கடைசி ஆள் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டு மறுபடி தண்ணீர் ஓரத்துக்குப் போய் முன்னால் பிடிப்பார். எங்கள் முறை வந்தபோது நாங்களும் முழங்கால் வரை அலையில் இறங்கினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். உள்ளங்கை எரிந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் எனக்கு நிறுத்த வேண்டும் என்று தோன்றவேயில்லை. என் முதுகுக்குப் பின்னால் மைனியின் மூச்சு கேட்டது. நான் தவறான நேரத்தில் இழுத்தால், "பொறு, பொறு" என்பார், குரலில் குற்றம் இல்லாமல்.

வலையின் மடி கரை ஏறியதும் எல்லாரும் சுற்றி நின்றார்கள். நெத்தலியும் சாளையும் குவியலாகத் துள்ளின. நடுவில் பாலிதீன் கவர்களும் ஒரு செருப்பும் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி ஒரு சாக்கில் போட்டார்கள். கரைக்கு வந்த குப்பை திரும்பக் கடலுக்குப் போகக் கூடாது என்பது அங்கே சட்டம். மைனி முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளிக் காசைக் கொட்டினது மாதிரி இருக்கிறது என்று, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

தலைத்துண்டுக்காரர் ஓலைக்கூடை ஒன்றில் இரண்டு கை மீனை அள்ளிக்கொண்டு வந்து மைனியிடம் நீட்டினார். மைனி இரண்டடி பின்வாங்கினார். நாங்கள் சைவம், சாப்பிட மாட்டோம் என்று நான் சொன்னேன்.

"தின்னண்டாம் அக்கா. ஆனா கடசிவரை கயிறு பிடிச்சவருக்குப் பங்கு உண்டு. வாங்காமப் போகப்பிடாது."

மைனி என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார். உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தார். நான் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனேன்.

மேட்டில் தென்னங்கீற்றுப் பந்தலில் ஒருத்தி சாப்பாட்டுக்கடை வைத்திருந்தாள். கப்பையும் மீன்கறியும்தான் அங்கே விசேஷம். கப்பை என்பது மரவள்ளி, எங்கள் பக்கத்து ஏழிலைக்கிழங்கு. மைனி கூடையை அவள் முன்னால் இறக்கி வைத்துவிட்டு, இதை எடுத்துக்கொண்டு எங்களுக்குக் கிழங்கு தரச் சொல் என்றார். கிழங்கு வேகவைத்த சட்டியில் மீன் பட்டதா, கரண்டி வேறேயா, தேங்காய் அரைத்த அம்மி எது என்று ஒவ்வொன்றாக என் வழியாகக் கேட்டார். கடைக்காரி கோபப்படவில்லை. அவள் மாமியார் விரதக்காரியாம், இதற்காகவே தனிச் சட்டி உண்டு என்று உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள்.

வெந்த கிழங்கில் ஆவி பறந்தது. காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் உப்பும் இடித்துத் தேங்காயெண்ணெய் ஊற்றிய சம்மந்தித் துவையல். பால் விடாத கட்டன் சாயா. மைனிக்கு முதல் வாயிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னொரு கிழங்கை எடுத்தார். எங்கள் புளியோதரையைப் பிரித்து முதல் கை கடைக்காரிக்குத்தான் வைத்தார். அவள் அதை மீன்கறியோடு சாப்பிட்டு, நல்ல சேர்ச்சை, இரண்டும் பொருந்துகிறது என்றாள். அதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மைனி கண்ணால் பார்த்துவிட்டார். "தின்னுட்டுப் போறா, விடு" என்றார்.

சாயா குடிக்கும்போதுதான் பேசினார். கல்யாணமான புதிதில் தன் மாமியார் தன்னை வருஷக்கணக்காக அடுக்களைக்குள் விடவில்லை என்றார். களத்திலும் கிணற்றடியிலும்தான் இருந்தாராம். பிறகு அடுக்களை கைக்கு வந்தபோது, யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்ற ஒரே நினைப்பாக ஆகிவிட்டது என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரியெல்லாம் இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் இன்னொரு சாயா வாங்கி வந்தேன்.

வீடு வந்ததும் இரண்டு தடவை குளித்தார். சேலையைத் தானே அலசிப் போட்டார். "மீனத் தொட்டத தம்பிட்ட சொல்லாத, கேட்டியா" என்றார். சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து இரண்டு பேர் கையிலும் ஏன் கொப்புளம் போட்டிருக்கிறது என்று கேட்டார். கிணற்றுக் கயிறு என்றார் மைனி. எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர்தான். அவரும் சரி என்று கேட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். லோடு இறக்கின களைப்பு. நான் அடுக்களைக்குள் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். மைனியும் பின்னாலேயே வந்து, சிரிக்காதே என்று சைகை காட்டிக்கொண்டே தானும் சிரித்தார்.

பத்து நாளுக்குப் பதிலாகப் பதிமூன்று நாள் இருந்தார். ஊருக்குப் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து அவருடைய இன்லேண்டு கடிதம் வந்தது. அதுவரை தம்பி பேருக்குத்தான் எழுதுவார், கடைசி வரியில் நான் சௌக்கியமா என்று இருக்கும். இந்தத் தடவை என் பேர் எழுதியிருந்தது. வைகாசியில் மூத்தவளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம், அவன் எப்போது வேண்டுமானாலும் வரட்டும், நீ ஒரு வாரம் முன்னால் வந்துவிடு, என்கூட நிற்க ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தார். அன்றைக்கே பதில் எழுதிப் போட்டேன்.