கண்டாக்கையாவின் ஓட்டம்

கண்டாக்கையா ஆர்மோனியப் பெட்டியில் விரலை வைத்தபடியே தலையைத் திருப்பி, "ஏன்டா இழுக்கிற?" என்று என்னை முதல் தடவை கேட்டது எந்த வருடம் என்று நினைவில்லை. இடம் நினைவிருக்கிறது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில், வெள்ளிக்கிழமை பூசை, வெளியே மழை. கும்பிட நின்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டோலக் மடியில் இருந்தது. நான் தாளத்தை இழுக்கவில்லை, நீங்கள்தான் ஓடுகிறீர்கள் என்று மனதுக்குள் சொன்னேன். வாயால் "சரிங்கய்யா" என்றேன். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அதே கேள்வி, அதே பதில்.

கண்டாக்கு என்றால் எங்கள் பக்கத்தில் தோட்டத்து வெளிவேலையைப் பார்க்கும் உத்தியோகத்தர். காலையில் பெரட்டுக்கு ஆட்கள் வந்து நின்றதும், இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புகிறவர். நான் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடி வளர்ந்து போனால் கத்தியால் வெட்டி மட்டமாக்குவது என் வேலை. ஐந்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுதிப் பழக்கமில்லை. இதை எழுதுவதும் ஆசையில் இல்லை, எரிச்சலில்தான். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சிலேயே கிடக்கும்.

டோலக்கை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கோயில் டோலக் அடிக்க ஆளில்லாமல் ஆணியில் தொங்கியது. எடுத்து அடித்தேன், வந்தது. கத்தி பிடித்துக் காய்த்த கை என்பதால் சத்தம் கொஞ்சம் முரடாக இருக்கும். ஆனால் தாளம் தவறாது. அந்த ஒன்றைத்தான் நான் என்னுடையது என்று வைத்திருந்தேன். வேலை முடிந்து, அட்டை கடித்த காலைக் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டு டோலக்கை எடுத்தால் அன்றைய அலுப்பு போய்விடும். குடிக்கிறவன் குடிக்கிறான், சீட்டு விளையாடுகிறவன் விளையாடுகிறான். எனக்கு இது.

கண்டாக்கையாவுக்கும் இது. அவர் விரலைக் குறை சொல்ல முடியாது. பாட்டுக்கு முன்னால், தாளமில்லாமல், பெட்டியை மெதுவாகத் திறந்து ராகத்தை இழைப்பார். அழுகிற பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும். சில நேரம் எனக்கே கண் கலங்கும். அதோடு விட்டிருக்கலாம். நான் அடிக்க ஆரம்பித்ததும் மனிதனுக்கு என்ன ஆகுமோ தெரியாது. முதல் வரி சரியாகப் போவார். இரண்டாவது வரியில் கொஞ்சம் முந்துவார். அதன் பிறகு கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக் விட்ட லொறிதான். பூசாரி கற்பூரத்தைத் தட்டில் வைக்கும்போது பாட்டு முடிந்திருக்கும். கொளுத்துவதற்குள் அடுத்த பாட்டும் பாதிக்கு வந்திருக்கும்.

பாட்டுக்கு ஜால்ரா தட்டுவது என் மச்சான். அவனுக்குக் கவலையே கிடையாது. "அவரு போனா நாமளும் போவோம் மச்சான். விட்டுட்டா அடுத்த பஸ்ஸு எத்தன மணிக்கோ" என்பான். என் வீட்டுக்காரி அவனைவிட மோசம். "ஐயா ஓடுறாரு, நீங்க தொரத்துறீங்க. நின்னு கும்புடுற எங்களுக்கே மூச்சு வாங்குது. அம்மனுக்கு எப்பிடி இருக்கும்?" என்று கேட்பாள். நாங்கள் குடியிருக்கும் லயம், அந்த வீட்டு வரிசை முழுக்கச் சிரிக்கும். ஆனால் கண்டாக்கையா முன்னால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். மலை பிரிக்கிறவரிடம் போய் உங்களுக்குத் தாளம் நிற்கவில்லை என்று யார் சொல்வது?

நான் ஒரு தடவை சொன்னேன். மார்கழி மாதம், விடிகாலையில் லயம் லயமாகப் பஜனை பாடிக்கொண்டு போகிறோம். பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் முன்னால் நடக்கிறார். பாட்டோடு காலும் ஓடுகிறது. சின்னப் பிள்ளைகள் பின்னால் ஓடி வருகிறார்கள். "ஐயா, கொஞ்சம் மெதுவா போவோமாங்க?" என்றேன். அவர் நின்றார். பனியில் கண்ணாடி மங்கியிருந்தது. "எனக்குத் தாளம் சொல்லிக் குடுக்கிறியா நீ?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் பெரட்டில் என்னை உச்சி மலைக்குப் போட்டார். செங்குத்தான மலை, ஏறிப் போகவே முக்கால் மணி நேரம். ஒரு வாரம் அங்கேதான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மச்சான் சொன்னான். இருக்கலாம். அடுத்த வெள்ளிக்கிழமை நான் அவர் பின்னால் நன்றாகவே ஓடினேன்.

அதில் எனக்கு என்ன நட்டம் என்பது பிறகுதான் தெரிந்தது. தலவாக்கலையில் ஒரு சங்கீத மாஸ்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். திருவிழாக்களில் பாட ஒரு குழு வைத்திருந்தார். அவர்களுடைய டோலக்காரன் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். அந்தக் குழுவில் இடம் கிடைத்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று அன்றைக்கு நினைத்தேன். மாஸ்டர் பாடினார். நான் அடித்தேன். நான்கு வரிதான். கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, ஏன் ஓடுறீர்? ஆர் உம்மைக் கலைக்கினம்?"

துரத்துவது என்பதை அவர்கள் கலைப்பது என்பார்கள். யாரும் துரத்தவில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. திரும்பவும் அடிக்கச் சொன்னார். திரும்பவும் ஓடினேன். அவர் பாடும்போது என் காது அவரிடம் இருந்தது. கை மட்டும் கண்டாக்கையாவிடம் இருந்தது. இப்போது முந்துவார், இப்போது முந்துவார் என்று கை தானாக முன்னால் போகிறது. "கை நல்ல கை. பழக்கம் பிழைச்சுப் போச்சு" என்றார் மாஸ்டர். நல்ல மனிதர். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். பஸ்ஸில் டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒருவன் இழுக்கிறாய் என்கிறான். ஒருவன் ஓடுகிறாய் என்கிறான். இரண்டும் ஒரே கை.

அதன் பிறகு ஞாயிறுகளில் டோலக்கோடு தேயிலைத் தொழிற்சாலையின் பின்பக்கம் போய் உட்கார்ந்தேன். உள்ளே கொழுந்து உருட்டும் மெசின் சுற்றும். கடகட என்று ஒரே சீர். அது யாருக்காகவும் முந்தாது, யாருக்காகவும் நிற்காது. மலை பிரிக்கவும் தெரியாது. அதோடு சேர்த்து அடித்தேன். காவல்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். மூன்று நான்கு மாதத்தில் கை வழிக்கு வந்தது. மாஸ்டரிடம் போனேன். வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். மாஸ்டருக்கே வருத்தம். அந்தப் பையன் நன்றாகத்தான் அடித்தான். நானும் கேட்டுவிட்டு வந்தேன்.

பிறகு ஏன் கண்டாக்கையாவை விடவில்லை என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரியும் கேட்டாள். எங்கள் தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு ஆர்மோனியப் பெட்டி. டோலக்கை எவ்வளவு காலம் மெசினோடு அடிப்பது? மெசினுக்குப் பாட்டு வராது. அவருக்கும் வேறு டோலக்காரன் கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமைக்கு ஒரு கை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கை என்று வைத்துக்கொண்டேன். அவர் முடிக்கும் இடத்தில் நானும் முடித்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என்றைக்காவது ஒருநாள் அந்த மனிதர், ஓடினது நான்தான் என்று வாயால் சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் செத்துவிடக் கூடாது என்று இருந்தேன்.

இப்போது இரண்டு பேரும் வேலையில் இல்லை. அவர் கொட்டகலையில் மகள் வீட்டில் இருக்கிறார். மகள் டீச்சர். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை டோலக்கைத் துணியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது அவருக்கு. ஓட்டம் மந்தமாகவில்லை. "ஏம்ப்பா இழுக்கிற?" என்கிறார். வயதாகிவிட்டதால் டா போய் ப்பா வந்திருக்கிறது. அந்த மட்டில் மரியாதை.

போன சனிக்கிழமை மகளுக்குப் பொறுக்கவில்லை. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, தன் போனை எங்கள் நடுவில் வைத்தார். அதில் ஏதோ அமுக்கினார். டிக், டிக், டிக் என்று கடிகாரம் மாதிரி சத்தம் வந்தது. "அப்பா, இது மாறவே மாறாது. இதோட சேர்ந்து வாசிங்க. யாரு இழுக்கிறாங்க, யாரு ஓடுறாங்கன்னு ஒரு முடிவு தெரியட்டும். தெருவுல போறவங்க கேக்குறாங்க" என்றார். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. மாஸ்டர் முன்னால் கூட அப்படி வேர்க்கவில்லை.

கண்டாக்கையா வாசித்தார். முதல் வரி போனோடு போனார். மூன்றாவது வரியில் போன் பின்னால் கிடந்தது. அவர் நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்தார்.

"இதுவும் இழுக்குது. பழைய போனா?"

"போன மாசந்தான் வாங்கினதுப்பா."

"சைனா சாமானா இருக்கும்."

மகள் தலையில் கையை வைத்துக்கொண்டு போனை எடுத்துப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருட எரிச்சல் மேலே வந்தது. இனி இந்த மனிதர் சொல்லமாட்டார். நான் செத்தாலும் சொல்லமாட்டார். "திரும்ப வாசிங்கய்யா" என்றேன். வாசித்தார். ஓடினார். நான் போகவில்லை. மெசின் பக்கத்தில் அடித்த கையை எடுத்து அப்படியே அடித்தேன். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கேட்க நாராசமாக இருந்தது. அவர் கடைசி வரியைப் பாடிப் பெட்டியை மூடினார். நான் இன்னும் அடித்துக்கொண்டிருந்தேன். தனியாக. ஒரு வரிக்கு மேல் மிச்சமிருந்தது.

"என்னப்பா, முடிக்கலையா நீ?"

"நீங்க முடிச்சிட்டீங்கய்யா. பாட்டு இன்னும் முடியல."

சொல்லிவிட்டு, அந்த மிச்ச வரியையும் அடித்து முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மாட்டினார். உள்ளே மகள் தாள் புரட்டும் சத்தமும் நின்றுபோயிருந்தது.

"நான் ஓடுறேனா?" என்றார்.

"ஆமாங்கய்யா."

"எப்ப இருந்து?"

"ஆரம்பத்துல இருந்துங்க."

மூடிய பெட்டியை மறுபடி திறந்தார். பிறகு கோபமாகவே கேட்டார். "இத்தன வருசமா என்னப்பா செஞ்ச? இத மொதல்லயே சொல்லித் தொலைக்க மாட்டியா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சொல்ல எவ்வளவோ இருந்தது. டோலக் கயிற்றை இறுக்கிக் கட்டினேன். "ஆரம்பிங்கய்யா" என்றேன். ஆரம்பித்தார். இரண்டு வரி ஒழுங்காகப் போனார். அப்படி அவரோடு அடிக்க எவ்வளவு நன்றாக இருக்கும் என்று முப்பது வருடத்தில் எனக்குத் தெரியாமலேயே இருந்திருக்கிறது. மூன்றாவது வரியில் ஓடினார். நான் ஓடவில்லை. தனியாகக் கொஞ்ச தூரம் போனார். பிறகு, முணுமுணுத்துக்கொண்டே, எனக்காக நின்றார்.