சூரத்திலிருந்து வந்தவர்

சூரத்தில் பிளேக் பரவுகிறது என்று ரேடியோவில் சொன்னபோது என் கணவர் அங்கேதான் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். ராஜபாளையத்தில் அவர் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டதால் ஒன்றரை வருடத்துக்கு முன் போனவர். நான் இன்னொரு மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தேன். எங்கள் மகளுக்கு இரண்டு வயது. அப்பாவை அவளுக்குப் போட்டோவில்தான் தெரியும்.

வீட்டுக்கார அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "அவரு வந்தா இங்க கூட்டியாராத தாயி. ஒரே வளவுக்குள்ள நாலு வீட்டுப் பிள்ளைக இருக்கு."

ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து என் மில்லுக்குப் போன் வந்தது. "ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன்லயே இறங்கிட்டேன். நம்ம ஊர்ல இறங்கப் பயமா இருக்கு" என்றார்.

பஸ் பிடித்து ஓடினேன். பிளாட்பாரக் கடைசியில் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏட்டி, அங்கனயே நில்லு" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். சூரத் என்று சொன்னதும் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். டாக்டர் மட்டும் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, நெஞ்சிலும் ஒன்றுமில்லை என்று சீட்டில் எழுதி, மாத்திரையும் கொடுத்தார். அந்தச் சீட்டை வீட்டுக்கார அம்மா கையால்கூடத் தொடவில்லை.

அதனால் பக்கத்துக் கிராமமான தேவதானத்தில் அவருடைய கூட்டாளியின் தோப்பு மோட்டார் ரூமில் பத்து நாள் தங்கினார். வேலை முடிந்ததும் நான் சாப்பாடு கொண்டுபோய் வாய்க்கால் கரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். ஒரு நாள் மகளையும் தூக்கிக்கொண்டு போனேன். இறக்கிவிட்டதும் அவள் அவரைப் பார்த்து ஓடினாள். அவரும் கையை நீட்டினார். நான் பாய்ந்து அவளை இழுத்துக்கொண்டேன். சீட்டு என் பையில்தான் இருந்தது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில், துணிகளை மடித்துக்கொண்டே சொன்னார்: "சூரத் ரூம்ல எங்ககூட ஒரு ஒரிசாக்காரரு இருந்தாரு. காய்ச்சல்ல எந்திரிக்க முடியல. தண்ணி மட்டும் பக்கத்துல வச்சிட்டுப் போங்கன்னு கையக் காட்டுனாரு. வச்சிட்டு எல்லாரும் ஓடியாந்துட்டோம்."

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உன்னயும் பிள்ளையவும் பார்க்க விடமாட்டாகளோன்னு பயந்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

எங்கள் யாருக்கும் நோய் எதுவும் வரவில்லை. இங்கே வேலை கிடைக்காமல், பொங்கல் முடிந்து அவர் மறுபடி சூரத் போனார். முதல் கடிதத்தில் எழுதியிருந்தார்: அந்த ரூமில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். விசாரித்துப் பார்த்தேன். அந்த ஒரிசாக்காரரைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை.