அண்ணன் அவிழ்த்த காசு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். சாந்தமானவர், பொறுமையானவர் என்றெல்லாம் எழுத எனக்கு வராது. அண்ணன் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத மனிதர். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு வாசலுக்குப் போவார். எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வருவார். அதற்காக அண்ணி சண்டை பிடிக்காத நாளில்லை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அண்ணியும் இன்று தெரிந்துகொள்ளட்டும்.

இலங்கையின் நமுனுகுல மலையடியில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர் அண்ணன். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்தெடுத்தார். அண்ணனுக்குப் பிறகு நான், எனக்குப் பிறகு ஒரு தம்பி. தம்பி நடக்கத் தொடங்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டான். மேட்டுத் தேயிலைக்கு நடுவே அவனைப் புதைத்தார்கள்.

அண்ணனுக்குக் காசுப் பைத்தியம் பிடித்தது பண்டாரவளையில். அப்பாவோடு சந்தைக்குப் போனவர், ஒரு தேத்தண்ணிக் கடை மேசையில் செல்லாத காசுகளை ஆணியடித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டார். ஓட்டை விழுந்தது, தலை தேய்ந்தது, எந்த நாட்டுடையது என்றே தெரியாதது எனப் பலவகைக் காசுகள். அன்றிலிருந்து அவருக்கும் அப்படி வேண்டும். மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறவர்களிடம் போய் மண்ணில் ஏதாவது கிடைத்ததா என்று நச்சரிப்பார். செலவுக்கே காசில்லாத வீட்டில் சேர்க்கக் காசு தேடுகிறான் என்று அப்பா கேலி செய்வார். வெறும் சிகரெட் டின் ஒன்றை வைத்துக்கொண்டு அண்ணன் நாள்கணக்காக அலைந்தார். கடைசியில் அவர் கண் வீட்டுக் கூரையில் போய் நின்றது.

அங்கே மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்து செருகியிருந்தது. அண்ணனுக்குக் குழந்தையில் அம்மை போட்டபோது, திருச்சிப் பக்கத்தில் எங்கள் முன்னோர் ஊர் மாரியம்மனுக்கு அம்மா நேர்ந்துகொண்டது. ராணி தலை போட்ட இந்திய வெள்ளிக் காசு. ஊருக்குப் போகும்போது கோயிலில் சேர்க்க வேண்டும். முடிந்த காசு சாமியுடையது, பட்டினி கிடந்தாலும் அதில் கைவைக்கக் கூடாது என்பது லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். ஆனால் காசுக்குக் காசு வைத்தால் சரியாகிவிடும் என்று அவராக ஒரு நியாயம் கண்டுபிடித்தார். வெள்ளியை எடுத்துக்கொண்டு, பின்பக்கம் மரம் போட்ட ஒரு இலங்கைச் செப்புச் சதத்தை வைத்து முடிந்துவிட்டார். அவர் சேகரிப்பு தொடங்கியது அப்படித்தான். டின்னில் அந்தக் காசை நான் பார்த்தேன். எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

நாடு சுதந்திரம் பெற்ற கையோடு இந்திய வழி வந்த தோட்டத்து மக்களான எங்களுக்கு வாக்குரிமை இல்லை, குடியுரிமை இல்லை என்றாயிற்று. லயமே நிலைகொள்ளாமல் தவித்தது. இந்தியாவுக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. சித்தப்பா குடும்பம் கிளம்பத் தயாரானது. அப்பாவும் தயாரானார், ஆட்டை விற்றார், பதுளையில் டிரங்குப் பெட்டி வாங்கினார்.  புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, காசைப் புதுத் துணிக்கு மாற்ற வேண்டும் என்று அம்மா சித்தப்பா குடும்பத்தையும் அழைத்து உட்காரவைத்து முடிச்சை அவிழ்த்தார். செப்புச் சதம் உருண்டு விழுந்தது.

நான் அண்ணனைப் பார்த்தேன். முகம் வெளுத்துப் போயிருந்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

அம்மா சதத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஆத்தா இந்த ஊருக் காசா மாத்தி வச்சிருக்கா. இங்கயே இருக்கச் சொல்றா. நான் வரலங்க."

அப்பாவும் பயணத்தைக் கைவிட்டார். ஆத்தா வாக்கை மீறி யார் கப்பலேறுவது? சித்தப்பா குடும்பம் மட்டும் அழுதுகொண்டே போயிற்று.

பிறகு எங்கள் வீட்டில் எந்தக் கஷ்டம் வந்தாலும், அன்றைக்கே போயிருந்தால் என்று அப்பா தொடங்குவார். உடனே அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவார். ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே தன் கை மாற்றிவிட்டதாக அந்த வயதில் ஒருவர் நினைத்தால் எப்படி உட்கார முடியும்?  பஸ் கண்டக்டராகி பதுளைக்கும் பண்டாரவளைக்கும் ஓடிக்கொண்டே இருந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணத்துக்கு முன், அந்த வெள்ளிக் காசைக் கொண்டுவந்து அம்மாவின் காலடியில் வைத்தார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் எல்லாவற்றையும் சொல்லி அழுதார்.

அம்மா சுளகைக் கீழே வைக்கவில்லை.

"நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியாதாடா? கூரையில இருந்து எடுத்தப்பவே தெரியும், வேற கை பட்டிருக்குன்னு. உள்ள எது இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன். சின்னவன இந்த மண்ணுல விட்டுட்டு நான் எங்க போவேன்? ஒங்கப்பாவுக்கு மட்டும் தெரிய வேணாம்."

அதன் பிறகாவது அண்ணன் நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை. அதுவரை தன் தவறை மறைத்தவர், இனி அம்மாவின் பொய்யையும் சேர்த்து மறைக்க வேண்டியதாயிற்று. அப்பா கடைசிவரை ஆத்தாவின் வாக்கு என்றே நம்பிக் கண்மூடினார்.

அண்ணனின் கடைசி நாட்களில் பதுளை ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்த மருமக்களுக்கும், பாடை சுமந்த தோட்டத்து இளைஞர்களுக்கும், எங்களோடு அழுத அக்கம்பக்கத்தாருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். திருச்சியிலிருந்து ஓடிவந்த சித்தப்பா மகனுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தம்பி, சுடுகாட்டிலிருந்து வந்ததும், "அன்னைக்கு ஏன்க்கா நீங்க யாரும் எங்களோட வரல? எங்கப்பா சாகுற வரைக்கும் அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தாரு" என்றாய். அதற்கான பதில் இதுதான். ஒங்கப்பாவை வேண்டாமென்று நாங்கள் நின்றுவிடவில்லையப்பா. தன் பிள்ளை படுத்திருந்த இடத்தை விட்டு அம்மாவால் வர முடியவில்லை.