அந்தமானில் கால் வைத்த அன்று

அந்தமானில் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறேன். விமானத்தில் வந்தால் இரண்டு மணி நேரம்தான் என்றாள். விமானத்தில் அரிசி மூட்டை ஏற்ற விடுவார்களா? எங்கள் ஊர் உறுவையாற்றுக் கழனி அரிசி இல்லாமல் நான் மகள் வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன். அதற்காகத்தான் சென்னையில் கப்பல் ஏறினேன்.

சம்பந்தியம்மாள் போனிலேயே சிரித்தார். "கப்பல்லயா? உங்க வயசுக்கு நாலு பேரு தூக்கித்தான் எறக்கணும் சம்பந்தி."

"ஒருத்தர் கையும் எம்மேல படாது. நானே எறங்கி வரேன், நின்னு பாருங்க" என்றேன். அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

மூன்று நாள் கடல். பக்கத்துப் படுக்கைக்காரி முதல் நாளே வாளியோடு உறவாகிவிட்டாள். நான் நார்த்தங்காயை நாக்கில் அடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தேன். எனக்கு வாந்தி வரவில்லை என்று சொல்லமாட்டேன். வந்ததை யாரும் பார்க்கவில்லை.

நாலாம் நாள் காலை கரை தெரிந்தது. முகம் கழுவி, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு படியில் இறங்கினேன். கப்பல்காரர் ஒருவர் கை நீட்டினார். "நீ மூட்டையப் பாருப்பா" என்றேன். கீழே மகளும் சம்பந்தியம்மாளும் நின்றார்கள். சம்பந்தி என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் படி தாண்டி சிமெண்டுத் தரையில் கால் வைத்தேன். தரை ஆடியது. கப்பல்கூட அப்படி ஆடவில்லை.

"யம்மா, இன்னா ஒரு மாதிரி நிக்கிற?" என்றாள் மகள்.

கைக்கெட்டும் தூரத்தில் சம்பந்தி. அவர் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "எம்மாம் நாளாச்சு சம்பந்தி உங்களப் பாத்து!"

கல்யாணப் பந்தியில் பாயசம் பத்தவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டவர்கள் நாங்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தப் பாயசத்த இன்னும் மனசுல வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேனே."

"அத யாரு நெனச்சா" என்றேன். மெல்லக் கையை இழுத்துப் பார்த்தார். நான் விடவில்லை. ஆட்டோவிலும் விடவில்லை. வீட்டுக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் விட்டேன்.

சாயங்காலம் காபியோடு வந்தவர், கன்றிப்போன மணிக்கட்டைக் காட்டினார். "தல சுத்திச்சா சம்பந்தி?"

"உங்க கை எம்மேல படல. எங்கைதான் உங்க மேல பட்டுது. யாராவது போன்ல கேட்டா அப்படியே சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன். ராத்திரி பாத்ரூமுக்குப் போவணும்னா கூப்புடுங்க. மறுபடியும் பாசம் வந்தாலும் வரும்" என்றார்.