ஏசி ரூம் தேசப்பன்

பேருந்தின் படியில் கால் வைக்கும்போதே தேசப்பன் குடையை விரித்துவிடுவார். கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கும் ஆலை வாசலுக்கும் நடுவே முப்பது அடி இருந்தால் அதிகம். அந்த முப்பது அடியையும் கறுப்புக் குடையின் கீழ், முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக்கூட விடாமல் மாட்டிக்கொண்டு, கக்கத்தில் ஸ்வெட்டரோடு கடப்பார். கும்மிடிப்பூண்டியில், மே மாதத்தில், ஸ்வெட்டர். வாசல் காவலாளிகள் இதற்குச் சிரிப்பதை நிறுத்திப் பல வருடங்களாகிவிட்டன.

ஸ்வெட்டர் உள்ளே போட்டுக்கொள்வதற்கு. ஊசி போடும் சிரிஞ்சு செய்கிற ஆலை அது. சன்னலே இல்லாத குளிர் அறையில், தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பால் மூடிக்கொண்டு, குறை இருக்கிறதா என்று பார்த்துப் பொட்டலம் கட்டும் வேலை. பதினோரு வருடமாகிறது. அவருடைய அப்பாவும், முப்பத்தைந்து வயதுவரை அவருமே, அடுத்தவர் கழனியில் குனிந்து முதுகு கருகியவர்கள். "எங்க வம்சத்துலயே வெயில் படாம சம்பாரிச்ச மொத ஆளு நான்தான்" என்று சம்பந்தி வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறார். நியாயமான பெருமை. அதைப் பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை.

பிடுங்க வந்தது தும்மல். மாதத்துக்கு இரண்டு முறை சளி. தேசப்பன் தும்முவதே ஒரு சடங்கு. முதலில் மேலே பார்ப்பார், ஒரு கையைத் தூக்கிச் சுற்றி இருப்பவர்களை எச்சரிப்பார், பிறகு வரிசையாக ஐந்து. நான்கோடு நின்றுவிட்டால் ஐந்தாவது வரும்வரை அவரோடு பேச முடியாது. தும்முகிறவருக்கு அந்தச் சுத்தமான அறையில் இடம் கிடையாது. வெளியே உட்கார வேண்டியதுதான். மகன் வயதுக்காரனான லைன் லீடர் பார்த்திபன் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டான்: "இன்னொருவாட்டி வெளிய உக்காந்தீங்கன்னா லோடிங்குக்கு மாத்தச் சொல்றாங்கண்ணே." லோடிங் என்றால் லாரிகள் நிற்கும் முற்றம். பட்டப்பகல் வெயில். தேசப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் மருத்துவ முகாம் என்று எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஆலையின் நர்ஸ் ஹெலன் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வைட்டமின் டி ஒம்போதுதாங் கீதுண்ணே. முப்பதாச்சும் வேணும். உள்ள வர்ற கிருமியோட சண்ட போட ஒடம்புக்கு அது தேவ. சளியே வராதுன்னு நான் எழுதிக் குடுக்கமாட்டேன். ஆனா ஒம்போத வெச்சிகினு ஒடம்பு இன்னா பண்ணும்? வாரத்துக்கு ஒரு மாத்திர போடுங்க. டெய்லி வெயில்ல நில்லுங்க."

"வெயில்லயா? நானா?"

மானம் கெடாமல் வெயிலில் நிற்க ஒரு வழி கண்டுபிடித்தார் தேசப்பன். பேருந்தின் கிழக்குப் பக்க சன்னலோரம். அது உடன் வேலை செய்யும் முத்தம்மாளின் இடம். கம்பெனி பஸ்ஸில் இடம் மாற்றுவது ரேஷன் கார்டில் பேர் மாற்றுவதைவிடக் கஷ்டம். மூன்று நாள் தன் மீன் குழம்பைத் தாரை வார்த்து அதை வாங்கினார். சட்டையைச் சுருட்டிவிட்டு, மூடிய கண்ணாடியில் கன்னத்தை அப்பிக்கொண்டு, தான் பஸ் ஏறும் கவரைப்பேட்டையிலிருந்து ஒரு மாதம் பயணம் செய்தார். கேள்விப்பட்ட ஹெலன் தலையில் அடித்துக்கொண்டார்.

"கண்ணாடி வழியா சூடுதாண்ணே வரும், சத்து வராது. காலைல ஏழு மணி வெயிலும் வேலைக்காவாது. மத்தியானம், வெட்டவெளியில, கைகால் தெரிய நிக்கணும்."

அந்த வளாகத்தில் கூரையோ மரமோ மறைக்காத இடம் ஒன்றே ஒன்றுதான். லோடிங் முற்றம்.

ஆகவே தினமும் பன்னிரண்டரைக்கு அங்கே நிற்கிறார். பேண்ட் முழங்காலுக்கு மேல், கைப்பேசி காதில். ஆலைக்குள் டவர் கிடைக்காது என்பது ஊரறிந்தது, அதனால் ஏன் இங்கே நிற்கிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். மறுமுனையில் யாரும் கிடையாது. "ஆங், சொல்லு நைனா... ஊட்ல எல்லாரும் நல்லா கீறாங்களா... சத்தமா பேசு" என்று இருபது நிமிடம் கத்துவார். பெட்டி ஏற்றும் யேசுதாஸ் மனசு கேளாமல், "நெழலுக்கு வாண்ணே, இங்கயும் டவர் கீது" என்று கூப்பிட்டான். "இங்கதாம்பா கிளியரா கீது" என்று தேசப்பன் இன்னும் இரண்டடி வெயிலுக்குள் போனார்.

போன செவ்வாய்க்கிழமை பார்த்திபன் பின்னால் வந்து நின்றான்.

"தெனமும் இங்கயே நிக்கிறீங்களாமேண்ணே? ஆசையா இருந்தா இங்கயே மாத்திடட்டுமா?"

தேசப்பன் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். "ஐயோ, வேணாம்பா! வெயில் காஞ்சிகினு கீறேம்பா! மருந்துக்கு! எனக்கு ஒம்போதுதாங் கீதாம்!"

முற்றம் முழுக்கக் கேட்டது. பெட்டி தூக்கியவர்கள் தூக்கியபடி நின்றார்கள். பதினோரு வருடப் பெருமையும் போயிற்று என்று தேசப்பன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

பார்த்திபன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"எனக்கு ஏழுண்ணே."

தேசப்பன் கண்ணைத் திறந்து அவனை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்து லாரியின் நிழல் அவன் தோள்மேல் விழுந்துகொண்டிருந்தது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, தான் நின்ற இடத்தில் அவனை நிறுத்தினார். பிறகு அவனுடைய சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி, முழங்கைக்கு மேல் மடித்துவிட ஆரம்பித்தார்.