வேப்பந்தட்டையில் ஒரு குவேசார் பேனர்

போன வாரம் வேப்பந்தட்டையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். எதிரே ஆளுயர ஃப்ளெக்ஸ் பேனர். அதில் சிரித்துக்கொண்டிருப்பது என் தங்கை மகள் கயல்!

'பிரபஞ்சத்தின் கடைக்கோடியில் குவேசார் கண்டுபிடித்த எங்கள் வீட்டுச் செல்வத்துக்கு வாழ்த்துகள்!' கீழே வரிசையாகச் சொந்தக்காரர்கள். மூலையில் நானும் இருந்தேன், என்றைக்கோ எடுத்துவிட்ட மீசையோடு.

பூரிப்போடு வீட்டுக்குப் போனால், பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் அந்தச் செல்வம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னும் ரிசல்ட்டே வரலை மாமா... அதுக்குள்ள அப்பா பேனர் வெச்சுட்டாரு!"

குவேசார் என்றால் என்ன? ராட்சதக் கருந்துளை ஒன்று சுற்றியிருக்கும் வாயுவை விழுங்கும்போது எழும் பயங்கர வெளிச்சம். கயல் தேடுகிற ரகம் ரொம்பத் தொலைவு. அங்கிருந்து வெளிச்சம் கிளம்பியபோது நம் பூமியே கிடையாது. பிரபஞ்சம் குழந்தையாக இருந்த காலத்தை அதை வைத்துத்தான் படிக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், போட்டோவில் அது வெறும் சிவப்புப் புள்ளி. நமக்குப் பக்கத்தில் இருக்கும் மங்கலான நட்சத்திரமும் அதே சிவப்புப் புள்ளிதான்! லட்சக்கணக்கில் சலித்து ஒன்றைப் பொறுக்கியிருந்தாள் கயல். பெரிய டெலஸ்கோப் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்த முடிவு அன்று காலை மெயிலில் வர வேண்டும். நட்சத்திரம் என்று வந்தால் இரண்டு வருஷ உழைப்பு அம்போ. இப்போது கூடவே ஊர் மானமும்.

"எதுக்கு மாப்ள இவ்ளோ அவசரம்?" என்றேன் தங்கை வீட்டுக்காரரிடம்.

"முகூர்த்த சீசன் மச்சான். இன்னைக்கு விட்டா பத்து நாளாவும்னுட்டான் பிரிண்டிங் கடைக்காரன்."

வானம் பார்த்த மண்ணில் மக்காச்சோளம் போடுகிறவர். நம்பிக்கைக்கா பஞ்சம்? நம் ஜனங்களுக்குச் சந்தோஷத்தைத் தள்ளிப்போடத் தெரியாது. அது நல்ல குணம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பத்தரைக்கு மெயில். கயல் படித்தாள். மறுபடி படித்தாள். அவளுக்குக் கண் கலங்கியது. எனக்குப் பஸ் ஸ்டாண்ட் பேனர் ஞாபகம் வந்தது.

"குவேசார்தாம்ப்பா!"

தங்கை சமையலறையிலிருந்து ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள். சாம்பார் அடிப்பிடித்தது. யார் கவலைப்பட்டது? நானும் அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை.

எல்லோரும் அடங்கியதும் மாப்பிள்ளை கேட்டார்: "இப்பவும் அது எரிஞ்சுட்டு இருக்காம்மா?"

"இல்லப்பா. நாம பாக்குறது பழைய வெளிச்சம். அது எப்பவோ அணைஞ்சிருக்கும்."

மனிதர் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு கேட்டார்:

"அப்ப... ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடிச்சிரலாமா மச்சான்?"