முதலில் பாலகாட்டைப் பார்த்துவிடலாம்

கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலுக்குப் போக வண்டி எடுத்தால் எவ்வளவு ஆகும், என்னென்ன பார்க்கலாம் என்று அவ்வப்போது யாராவது எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். நான் போனது 1998 ஜூலையில், ஒரே ஒரு நாள். இத்தனை வருடமாக அதை எழுதாமல் தட்டிக் கழித்தேன். சோம்பல் காரணம் இல்லை, படித்தால் தெரியும்.

பெங்களூரில் அக்கா மகள் கல்யாணம் முடிந்து ஒரு நாள் மிச்சம் இருந்தது. தங்கச் சுரங்கத்தை இழுத்து மூடப்போகிறார்கள் என்று அப்போதே பேச்சு. மூடுவதற்குள் பார்த்துவிட ஆசை. ஊர் சுற்றுவதில் நான் கொஞ்சம் கிறுக்கு. எந்த இடத்தில் எத்தனை நிமிடம் என்று முதல் நாளே காகிதத்தில் எழுதிவிடுவேன். ஒரு வரி பிசகினாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன். வீட்டில் யாரும் என்னோடு வராததற்கு அதுதான் காரணம்.

வாடகை அம்பாசடர், 250 கிலோமீட்டருக்கு ஆயிரம் ரூபாய், டிரைவர் படி தனி. டிரைவர் முனுசாமிக்கு நாற்பது வயது இருக்கும். அங்கே சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம். தம்பி சேகர் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்தான்.

"நான் மேலயே பொழச்சிக்கிறேன்னு வந்துட்டேன் சார். அவன் கேக்கல" என்றார்.

காலை 6.10க்குக் கிளம்பினோம். கோலாரில் இட்லி. பங்காருப்பேட்டை வழியாக 9.20க்கு கே.ஜி.எஃப்.பின் ஊரிகம் பகுதி, மொத்தம் நூறு கிலோமீட்டர். உள்ளே நுழைந்ததும் சாம்பல் நிறக் குன்றுகள். அழகாக இருக்கிறதே என்று படம் எடுத்தேன். அது குன்று இல்லை, தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண் என்றார் முனுசாமி. காற்றடித்தால் சோற்றுத் தட்டு வரைக்கும் வருமாம். லைன் வீடுகளில் குனிந்துதான் நுழைய வேண்டும், குடும்பத்துக்கே ஓர் அறை. தங்கம் எடுத்தவர்கள் இருக்கிற வீடா இது என்று வயிறு எரிந்தது. எரிந்தபடியே காகிதத்தில் அடுத்த வரியைப் பார்த்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

11.05க்கு டீக்கடையில் நிற்கும்போது தரை அதிர்ந்தது. லாரி ஏதோ மோதிவிட்டது என்று வெளியே ஓடினேன்.

"இன்னா சார், பயந்துட்டீங்களா? ராக் பர்ஸ்ட்டு. கீழ பாறை வெடிக்குது. அடிக்கடி வர்றதுதான்" என்றார் கடைக்காரர்.

அதிர்ந்தால் உடனே தீர்ப்புச் சொல்வது அந்த ஊர் வழக்கம். கிளாஸ் முதலில் ஆடியதா, உள்ளங்கால் ஆடியதா, எந்தச் சுவர் என்று பேசி, எந்தச் சுரங்கம், எந்த லெவல் என்றே சொல்லிவிடுவார்கள். பிறந்ததிலிருந்து பழகியவர்கள். கடையில் இருந்த ஐந்து பேரும் பேசி, இது தோண்டி முடித்து மூடிப்போட்ட பழைய வேலைப் பக்கம், அங்கே ஆளே இல்லை என்று முடித்தார்கள். முனுசாமியும் தலையாட்டினார். ஆனாலும் டீயைப் பாதியில் வைத்துவிட்டார்.

"சேகரு இன்னிக்கு டே ஷிப்டு. அவன் கீழ எறங்குற ஷாப்டாண்ட ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாமா சார்? பத்து நிமிசம்."

காகிதப்படி அடுத்தது பாலகாட், எப்போதோ கைவிட்ட சுரங்கம். "அங்கே ஆளே இல்லைன்னுதானே சொன்னீங்க? முதல்ல பாலகாட்டைப் பார்த்துடலாம். ஷாப்டுக்குத் திரும்பும்போது போலாமே" என்றேன். குரலில் எரிச்சல் இருந்தது எனக்கே தெரிந்தது.

"அதுவும் சரிதான். எங்களுக்குத் தெரியாததா" என்று வண்டியை எடுத்தார்.

பாலகாட்டில் 11.30 முதல் 1.10 வரை இருந்தோம். துருப்பிடித்த இரும்புக் கோபுரம், முள் புதர், இடிந்த சுவர்கள். கட்டிக்கொண்டு போன புளியோதரையை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். முனுசாமி பாதியைப் பொட்டலத்தோடு மடித்து வைத்தார்.

1.30க்கு சேகர் வேலை செய்த ஷாப்டுக்குப் போனால் வாசலில் கூட்டம். கீழே இறங்குகிறவர் கொடுக்கும் பித்தளை டோக்கன், அவர் மேலே வரும்வரை பலகையில் தொங்கும். முனுசாமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு பலகையிடம் ஓடினார். சேகரின் எண் இருக்கும் ஆணி காலியாக இருந்தது.

"மேல வந்துட்டான் சார்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பலகைப் பக்கம் நின்றிருந்த ஆள்தான் சொன்னார். பாறை வெடித்தது சேகர் வேலை செய்த பக்கம்தானாம். பன்னிரண்டே காலுக்கு மேலே கொண்டுவந்தார்கள், கேஜ் என்கிற லிப்டுக் கூண்டில் படுக்க வைத்து. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சேகரின் மனைவி கலா தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை, பக்கத்தில் இன்னொன்று. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"ஒரு மணி வரிக்கும் உயிர் இருந்துச்சு மாமா. அண்ணன் எங்க, அண்ணன் எங்கன்னு கேட்டுனே இருந்தாரு. உங்கள ஊரிகத்துல பாத்தேன்னு சொன்னாங்க, ஆளுங்க சைக்கிள்ல தேடுனாங்க. எங்க போனீங்க?"

முனுசாமி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "பழைய வேலைப் பக்கம்னு நெனச்சிட்டேன்மா. தப்பு பண்ணிட்டேன்" என்றார்.

அன்று மாலை ரயிலில் பெங்களூர் திரும்பினேன். வண்டி வாடகையை முனுசாமி வாங்க மறுத்துவிட்டார்.

போகிறவர்களுக்கு: சுரங்கம் மூடியாகிவிட்டது, உள்ளே விடமாட்டார்கள். ஊரிகம், சாம்பியன் ரீப்ஸ், பாலகாட் மூன்றையும் அரை நாளில் பார்த்துவிடலாம். காற்றடிக்கும் நாளில் மூக்குக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். லைன் வீடுகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், உள்ளே ஆட்கள் வாழ்கிறார்கள். அங்கேயே பிறந்த டிரைவர் கிடைத்தால், எங்கே எப்போது போவது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

கலாவின் பிள்ளைகள் இப்போது பெரியவர்களாகியிருப்பார்கள். உங்களில் ஒருவர் கண்ணில் இது பட்டால்: உங்கள் பெரியப்பா அன்று உடனே வரத்தான் கேட்டார். வேண்டாம் என்றது நான். அந்த வராந்தாவில் அவர் பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை.